சத்தம் வராத வகுப்பு

பிள்ளைகளை உயர வரிசைப்படி உட்கார வைக்கிற ஆசிரியர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. குள்ளமானவன் முன்னால், நெட்டையானவன் பின்னால், அதோடு அவர்கள் யோசனை தீர்ந்துவிடும். லாரியில் பெட்டி ஏற்றுகிறவன்கூட எது உடையும், எது தாங்கும் என்று பார்த்து அடுக்குவான். ஒரு பிள்ளையின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பிள்ளையின் குணமே. இதைச் சொன்னால் ஆசிரியர் அறையில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வகுப்பு இரைச்சல் தெருமுனைவரை கேட்கும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது இதைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும் சார். என் வகுப்பில் ஒரு பெண் எப்படி மூச்சு முட்டிச் செத்தாள், சுற்றிலும் அத்தனை பிள்ளைகள் இருந்தும் ஏன் ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் உட்கார வைப்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்தால் நான் கெட்டவளாகத் தெரிவேன். அல்லது அசடாகத் தெரிவேன், அது அதைவிட மோசம்.

அந்த ஏழாம் வகுப்பை என் தலையில் கட்டியபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் என்னைத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்த்தார்கள். எனக்கு முன்னால் இருந்த கணக்கு ஆசிரியர் மருத்துவ விடுப்பில் போனவர் திரும்பவே இல்லை. அதற்கும் முன்னால் இருந்தவர் பிரம்பு வைத்திருந்தார். பிரம்பை ஒளித்துவைத்துவிட்டு அவரையே தேட விட்டார்கள் பிள்ளைகள். அவர் மேசைக்கு அடியில் குனிந்து தேடுவதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அந்த மனுஷருடைய மிச்ச மானமும் போயிற்று.

நான் முதல் வாரம் முழுக்க ஒன்றுமே செய்யவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவன் பார்க்கிறானே என்று அவசரமாக அடித்தான். ஒரு பெண்ணுக்கு என் பாடம் பிடித்திருந்தது, ஆனால் தன் கூட்டாளிகள் கொட்டாவி விட்டதும் தானும் விட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பிள்ளைகள் ஆசிரியருக்காக எதையும் செய்வதில்லை. அப்பா அம்மாவுக்காகவும் செய்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தன்னை என்ன நினைப்பார்கள் என்பதற்காகத்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். இது எல்லா ஆசிரியர்களும் புலம்புகிற விஷயம். புலம்புவதை விட்டுவிட்டு அதைக் கையில் எடுத்துக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

வரிசைகளைக் கலைத்து, பெஞ்சுகளைச் சேர்த்து மேசைகளாக்கினேன். ஒரு மேசைக்கு ஆறு பேர். ஒருவர் பேசினால் ஆறு பேருக்கும் விளையாட்டு நேரம் கிடையாது. ஒருவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் ஆறு பேரும் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு மேசைச் சட்டம் என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். நான் குரலை உயர்த்தவில்லை, ஒருத்தரையும் தொடவில்லை. யாராவது தப்புச் செய்தால் அந்த மேசையைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டுவேன். மிச்சத்தை மேசை பார்த்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டது வகுப்பு.

ஜன்னலோர மேசையில் ஒரு பெண் இருந்தாள். எந்தச் சண்டை வந்தாலும் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாள், அதனால் அவளுக்கு ஜட்ஜம்மா என்று பெயர். நெற்றியில் விழும் முடியை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டு அவள் தீர்ப்புச் சொல்லும் அழகைப் பார்க்க வேண்டும். அவள் சொன்னால் மற்ற மேசைகளும் கேட்கும். லீவு விடுவது என்கிற தண்டனையைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். யாராவது மேசையை மாட்டிவிட்டால், அவர்களுக்கு லீவு விட்டுவிடுவார்கள். அதாவது அந்தப் பிள்ளை பள்ளிக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்வார்கள். யாரும் பேச மாட்டார்கள், பார்க்க மாட்டார்கள், கூப்பிட்டால் காதில் விழாது. ஒரு நாளைக்குமேல் யாரும் தாங்கியதில்லை. மறுநாள் காலையில் கண் வீங்கி வந்து நிற்பார்கள். ஜட்ஜம்மா "சரி, வந்துட்டே, உக்காரு" என்பாள். அவ்வளவுதான், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேடம் நேற்றுக் கேட்டார்கள். எதற்குத் தடுக்க வேண்டும்? பிரம்பால் அடித்தால் தழும்பு, இதில் ஒரு கீறல் கிடையாது. அரையாண்டுத் தேர்வில் என் வகுப்பில் தேறாத பிள்ளை என்று ஒருவரும் இல்லை. பெற்றோர்கள் என்னைத் தெருவில் பார்த்தால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியர் வெளியிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார். நான் வகுப்பைவிட்டு வெளியே வந்துவிடுவேன். கதவிலுள்ள கண்ணாடி வழியாக அவர்கள் பார்ப்பார்கள். உள்ளே ஆசிரியர் இல்லை, ஆனாலும் எல்லாத் தலைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் என்னிடம் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள். எனக்குக் கால் தரையில் பாவாது. அதை மறைப்பானேன்.

பாதி வருஷத்தில்தான் நீங்கள் கேட்கிற அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மா இல்லை. முதல் நாள் அவரே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒரு இன்ஹேலரை எடுத்து எனக்குக் காட்டினார்.

"டீச்சர், இவளுக்கு மூச்சு இழுக்கும். இது எப்பவும் பையிலயே இருக்கணும். தூசு பட்டா வரும். சில நேரம் மனசு கஷ்டப்பட்டாக்கூட வந்துடும்."

"கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பாருங்கள், இதையும் நான் மறைக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொன்னார் ஆசிரியர் சங்கத்து வக்கீல். எனக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். சாக்பீஸ் உடைந்தால் சிரிப்பாள். நான் தும்மினால் சிரிப்பாள், அதுவும் என்னைக் கேலி செய்கிற சிரிப்பு இல்லை, ஏதோ நானும் அவளும் கூட்டு என்பதுபோல. நான்தான் அவளுக்குக் கிலுகிலுப்பை என்று பெயர் வைத்தேன். ஜட்ஜம்மாவின் மேசையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள், அவளை அங்கே ஆறாவதாகப் போட்டேன். அங்கே போட்டால் ஒரே வாரத்தில் அடங்கிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். நான் போட்ட கணக்கில் தப்பிப்போனது அது ஒன்றுதான்.

அவளால் அந்த மேசை விளையாட்டு நேரத்தை இழந்தது. மறுநாளும் இழந்தது. மூன்றாம் நாள் நான் மதியத்துக்குப் பிறகு வகுப்புப் பக்கம் போனால், உள்ளே ஆறு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கிலுகிலுப்பை தன் அப்பா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜட்ஜம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வேறொரு மேசைப் பிள்ளைகள், விளையாட்டை விட்டுவிட்டு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்த தண்டனையை வேடிக்கை பார்க்க அங்கே கூட்டம் கூடியிருந்தது சார்.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்ன என்று கேட்டார். "ஒரு சின்னப் பொண்ணு சிரிச்சதுக்கா இவ்வளவு?" என்றார். அவர் வங்கியில் வேலை செய்கிறவர். அவருக்கு என்ன தெரியும். ஒரு பிள்ளைக்குப் பயம் விட்டுப்போனால் பரவாயில்லை. ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் விட்டுப்போனால், மறுபடி பழைய இரைச்சல்தான், மறுபடி மேசைக்கு அடியில் குனிந்து பிரம்பு தேட வேண்டியதுதான். இந்தமுறை தேடப்போவது நான்.

மறுநாள் ஜட்ஜம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

"உன் மேசையை நீ பாத்துக்க மாட்டியா?"

"அவ நல்லவ டீச்சர். சும்மா சிரிப்பா, அவ்வளவுதான்."

"நல்லவதான், யாரு இல்லேன்னா. ஆனா ஒண்ணு கவனிச்சியா? இப்பல்லாம் சண்டை வந்தா யாரும் உன்கிட்ட வர்றதில்லை. எல்லாரும் அவளைச் சுத்தித்தான் நிக்கறாங்க."

நெற்றியில் விழுந்த முடியை அவள் ஊதித் தள்ளவில்லை. நான் சொன்னது பொய் இல்லை என்பதால்தான் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவ்வளவுதான் நான் பேசியது. மறுநாள் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டேன்.

"லீவு டீச்சர்" என்றாள் ஜட்ஜம்மா.

அந்தப் பெண் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே, "இருக்கேன் டீச்சர், இதோ" என்றாள். கையைக்கூட ஆட்டிக் காட்டினாள்.

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். நான் சிரித்திருக்கலாம், அதட்டியிருக்கலாம், எது செய்திருந்தாலும் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மற்றப் பிள்ளைகள் ஒரு நாளில் வழிக்கு வருவார்கள் என்றேனே. இவள் வரவில்லை. யாரும் பேசாவிட்டால் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த குருவியிடம் கணக்குக் கேட்டாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அதுவும் நின்றது. மதியச் சாப்பாட்டை மூடியைக்கூடத் திறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வகுப்பு நடுவில் எழுந்து வராந்தாவுக்கு ஓடுவாள், இன்ஹேலரை அழுத்திக்கொண்டு திரும்பி வருவாள். வரும்போது யாராவது நிமிர்ந்து பார்ப்பார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவாள். இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மனசு இளகுவது எனக்குத் தெரிந்தது. அதனால் பாடத்துக்கு நடுவே பொதுவாக ஒரு வார்த்தை சொன்னேன். "சிலருக்கு, மூச்சு வாங்கினா எல்லாரும் ஓடி வருவாங்கன்னு ஒரு நெனப்பு." யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கரும்பலகையைப் பார்த்துத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவள் வராந்தாவிலிருந்து வரும்போது ஒரு தலைகூட நிமிரவில்லை.

அப்பா ஒருதரம் வந்தார். "வீட்ல சிரிக்கவே மாட்டேங்கறா டீச்சர், இங்க ஏதாச்சும் பிரச்சினையா?" என்றார். புது இடம், பழகிக்கொள்வாள் என்று சொல்லி அனுப்பினேன். நல்ல மனுஷர். நம்பிப் போனார்.

அந்த நாளுக்கு வருகிறேன். வேறு பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே ஜட்ஜம்மா வந்து என் மேசைமேல் அந்த இன்ஹேலரை வைத்தாள். முந்தின நாளே கிலுகிலுப்பையின் பையிலிருந்து எடுத்திருக்கிறாள்.

"இது இருந்தா இன்னிக்கும் நடுவுல எழுந்து ஓடுவா டீச்சர். வர்றவங்க முன்னாடி நம்ம மானம் போயிடும்."

நம்ம மானம் என்றாள் சார். ஒரு வருஷத்துக்கு முன்னால் பிரம்பை ஒளித்துவைத்த கூட்டத்தில் இருந்த பெண் அவள். நான் அதை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் கொடுத்துவிடலாம் என்றுதான். அவள் தலையைத் தொட்டேன். நான் ஒரு பிள்ளையைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

விருந்தாளிகள் வந்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், வழக்கம்போலக் கிசுகிசுத்தார்கள். ஒரு வயதான ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் அவர்களை அறிவியல் கூடத்துக்கு டீ குடிக்க அழைத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டுக் கண்ணாடி முன்னால் கொஞ்சம் நின்றேன். எனக்காக ஒருதரம் பார்த்துக்கொள்ளலாமே என்று.

அப்போதுதான் அவளுக்கு ஆரம்பித்தது. முதலில் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுத்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். அப்புறம் பையை மேசைமேல் கவிழ்த்தாள். புத்தகங்களையும் பென்சில் பெட்டியையும் தள்ளித் தள்ளித் தேடினாள். பக்கத்துப் பையனின் சட்டைக் கையைப் பிடித்தாள். அவன் அவள் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டு எழுதினான். முரட்டுத்தனமாக இல்லை, தாளில் விழுந்த தூசியைத் தட்டுகிற மாதிரிதான். எதிரில் இருந்த பெண் தன் தாள் நனையாதபடி தண்ணீர்ப் பாட்டிலைத் தள்ளி வைத்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அது நடிப்பு என்று நினைத்தீர்களா என்று கேட்காதீர்கள். நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியாமலா இத்தனை வருஷம் பிள்ளைகளோடு குப்பை கொட்டினேன். உதடு நிறம் மாறுவது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கைப்பை என் தோளில்தான் இருந்தது. கதவைத் திறந்து நாலு எட்டு வைத்தால் போதும். ஆனால் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எல்லாத் தலைகளும் நிமிரும். அவளுக்கு லீவு முடிந்துவிட்டது என்று ஆகிவிடும், அதுவும் அவள் ஜெயித்து முடிந்ததாக. விருந்தாளிகள் ஓடி வருவார்கள். அவர்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போகிற கதை வேறு கதையாகிவிடும். நான் அறிவியல் கூடத்துக்குப் போய் டீ குடித்தேன். அந்த வயதான ஆசிரியர் மேசைகளை எப்படிப் போடுவது என்று கேட்டார், விளக்கினேன். நாங்கள் திரும்பி வந்தபோது அவள் தலையை மேசைமேல் வைத்திருந்தாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் லிஃப்ட் மெக்கானிக் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாருமே திரும்பிப் பாக்கலையா டீச்சர்?"

"இல்லை" என்றேன். "ஒருத்தரும் பாக்கலை."

அதைச் சொன்ன குரல் என் காதுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அவரும் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் அறிக்கையில் நீங்கள் எழுதப்போவதைக் கேள்விப்பட்டேன். கெட்ட சகவாசம், மாணவர்களுக்குள் ஒரு கும்பல், அதற்குத் தலைவி ஒருத்தி. அவளைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். வகுப்பாசிரியை கவனக்குறைவாக இருந்துவிட்டார், அவருக்கு ஒரு எச்சரிக்கையும் இடமாற்றமும். சங்கத்து வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். "நீங்க ரூம்லயே இல்லை, அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்" என்று பூசி மெழுகக் கற்றுக்கொடுத்தார்.

ஜட்ஜம்மாவின் அம்மா என் வீட்டுக்கு வந்தாள். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அன்னிலேர்ந்து என் பொண்ணு வாயே திறக்கலை டீச்சர். அவளா செஞ்சான்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க சொன்னா பேசுவா. எதுவா இருந்தாலும் நீங்க சொன்னாத்தான் செய்வா" என்று அழுதாள். அது என் மனதைத் தொட்டது சார். அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் இங்கே வந்து, வக்கீல் பேச்சைத் தள்ளிவிட்டு, எல்லாவற்றையும் சொல்கிறேன். கும்பல், கும்பல் என்கிறீர்களே, பிள்ளைகள் சேர்ந்தால் தானாகவா கும்பல் ஆகிவிடும்? தானாக விட்டால் அவர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

ஒன்றை மட்டும் இவ்வளவு நேரம் விட்டுவிட்டேன். லிஃப்ட் மெக்கானிக்கிடம் நான் சொன்னது பொய். அந்தப் பெண் பையைக் கவிழ்த்துத் தேடியபோது ஜட்ஜம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். முகமெல்லாம் வெளிறிக் கதவைப் பார்த்து ஓடிவரப்போனாள். அப்போதுதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள். என் தோளில் கைப்பை தொங்குவதையும் பார்த்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்து என்னிடம் ஏதோ கேட்டாள். நான் ஒரு விரலைத் தூக்கி, மெதுவாகக் கீழே இறக்கிக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். பேனாவைத் தேடி எடுத்தாள். எழுத ஆரம்பித்தாள்.

இதை அவள் உங்களிடம் சொல்லவில்லை, இல்லையா? சொல்ல மாட்டாள். அந்த வகுப்பிலேயே என் பேச்சை மீறி எழுந்த பிள்ளை அவள் ஒருத்திதான், அவளையும் கதவுக்கு வெளியே நின்று ஒரு விரலால் உட்கார வைத்தேன். இதைப் போய்க் கவனக்குறைவு என்று எழுதினால் எப்படி சார்?